பேட்டரி இல்லாமப் பாடின பொட்டி

இல்லைங்க, இதுல சாம்பார் இல்லைங்க. நீங்க தாராளமா சாஞ்சு உக்காருங்க, உங்க வேட்டியில ஒண்ணும் சிந்தாது. பாக்கறதுக்கு டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். டிபன் பாக்ஸேதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா உள்ள சோறு கெடையாது. ஏறும்போதே கண்டக்டர் கேட்டாரு, மூடியில திருகாணியெல்லாம் போட்டு முடுக்கி வெச்சிருக்கீங்களே, அப்படி என்னங்க கொழம்புன்னு.

இது கிட்டார் பெடலுங்க. மேல கம்பியில உறை போட்டுக் கெடக்குதல்லங்க, அது கிட்டாரு. கிட்டார்ல இருந்து ஒரு ஒயரு இதுக்குள்ள வரும். இதுல இருந்து ஒரு ஒயரு ஸ்பீக்கர் பொட்டிக்குப் போகும். நடுவுல இது உக்காந்துக்கிட்டு, வந்த சத்தத்தை வேற சத்தமா மாத்தி அனுப்பும். காலால மிதிச்சா வேலை செய்யும், மறுக்கா மிதிச்சா சும்மா கெடக்கும். கடையில விக்கறதுதான். ஆனா இது நானே பண்ணினது. பண்ணி, மாத்தி, மறுபடியும் மாத்தி, இப்பக்கூட நேத்து ஒண்ணு மாத்தித்தான் எடுத்துட்டு வர்றேன்.

நீங்களும் திண்டுக்கல் வரைக்குங்களா? நல்லதாப் போச்சு. பழனி வரைக்கும் கூட்டம் நெருக்கும், அதுக்கப்புறம் காலை நீட்டிக்கலாம்.

என் பேரு சென்னியப்பனுங்க. பொள்ளாச்சியில மோட்டாருக்கு காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கேன். கெணத்து மோட்டாரு, மாவு மில்லு மோட்டாரு, எது எரிஞ்சாலும் நம்மகிட்டத்தான் வரும். அது பகல்ல. பொழுதோட கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம்னா மரகதம் மெல்லிசைக் குழுவுல கிட்டாரு. மரகதக்காதான் பாடறவங்க, குழுவும் அவங்களுதுதான். நல்ல மனுஷி. கோவம் வந்தா மட்டும் மைக்கை அணைக்காம திட்டிருவாங்க, கல்யாண மண்டபம் பூரா கேக்கும்.

எல்லாம் நல்லாத்தாங்க போய்க்கிட்டு இருந்துச்சு, அருள்தாஸ் வர்ற வரைக்கும்.

அருள்தாஸ் யாருன்னா, கீபோர்டு வாசிக்கறவன். திண்டுக்கல்காரன். பொள்ளாச்சியில ரூம் எடுத்துத் தங்கி, நம்ம குழுவுல வந்து சேந்தான். ஒல்லியா இருப்பான், எப்பப் பாத்தாலும் சிரிச்சுக்கிட்டே இருப்பான். எப்பப் பாத்தாலும் சிரிக்கற ஆளை நம்பலாங்களா, நீங்களே சொல்லுங்க. வந்த நாள்ல இருந்து அண்ணா, அண்ணான்னு ஒட்டிக்கிட்டான். என் கிட்டாரைத் தூக்கறது, எனக்கு டீ வாங்கியாறது. எனக்கு அப்பவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு.

அவன் கீபோர்டுல இல்லாத சத்தம் இல்லைங்க. ஒரு பட்டனை அமுக்கினா புல்லாங்குழலு, ஒண்ணை அமுக்கினா வீணை, ஒண்ணு நாயனம். மழை பேயற சத்தம்கூட இருக்குது. எல்லாத்தையும் ஒண்ணொண்ணாக் காட்டிக்கிட்டே வந்தான். கடைசியாப் பாத்தா கிட்டாருக்கும் ஒரு பட்டன் இருந்துச்சுங்க. அன்னிக்கு எனக்கு சோறு எறங்கலை.

அந்த நேரம் பாத்து குழுவோட பழைய வேனு செத்துப் போச்சு. அக்கா வேற வண்டி எடுத்தாங்க, அது கொஞ்சம் சின்னது. டிரம்ஸு, தபேலா, ஸ்பீக்கரெல்லாம் ஏத்திட்டு ஆளுங்க உக்காந்தா ஒருத்தருக்கு இடமில்லை. யாரு அந்த ஒருத்தருன்னு யாரும் வாய்விட்டுச் சொல்லலை. ஆனா எனக்குத் தெரியாதுங்களா? நாயனத்துக்கு ஒரு பட்டனு, கிட்டாருக்கு ஒரு பட்டனு. பட்டனுக்கு வேன்ல சீட்டு வேண்டியதில்லை பாருங்க.

ஒரு நாள் டீக்கடையில அக்காவும் அருள்தாஸும் பேசிக்கிட்டு நின்னாங்க. நான் பின்னாடி வந்தேன், அவங்க கவனிக்கலை. டீ மாஸ்டர் சர்ருன்னு ஆவியைத் தெறந்து உட்டுட்டு இருந்தாரு. அந்தச் சத்தத்துக்கு நடுவுல அருள்தாஸ் சொன்னதை என் காதால கேட்டேன். "கிட்டாரு... ஆகாதுங்க அக்கா." இதுதான் சொன்னான். நடுவுல ஒரு வார்த்தை இருந்துச்சு, அது கேக்கலை. 'இல்லாம'ன்னு சொல்லியிருப்பான்னு எங்க வீட்டுக்காரி சொல்றா. கிட்டார் இல்லாம ஆகாதுன்னாம். அவ அங்க இருந்தாளுங்களா? நானில்ல இருந்தேன்.

சரி, அவன் பட்டன்ல பண்றதை நான் கம்பியில பண்ணிக் காட்டறேன்னு முடிவு பண்ணிட்டேன். என் கிட்டாரே நாயனமாப் பாடினா, அப்ப யாரை எறக்கி விடுவாங்கன்னு பாக்கலாம்.

செல்லுல ஒரு வெள்ளைக்காரன் இந்தப் பெடலை எப்படிப் பண்றதுன்னு வீடியோ போட்டிருந்தான். அவன் பேசினது ஒண்ணும் எனக்குப் புரியலை. கையைப் பாத்தேன், அது புரிஞ்சுது. ஈயத்தை உருக்கி ஒயரைப் பத்த வெக்கறது நமக்குப் பழகின தொழில்தானுங்களே. கோயமுத்தூர் போயி ரேடியோ சாமான் விக்கற கடையில ஐசி, ரெசிஸ்டரு, கெப்பாசிட்டர் எல்லாம் வாங்கியாந்தேன்.

எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன், லேசுதான். உள்ள ஐசின்னு ஒரு சின்னச் சில்லு இருக்குது. அதுக்குள்ள ஒரு சத்தம் தன்னால ஓடிக்கிட்டே இருக்கும். வெளியில கிட்டார்க் கம்பி ஒரு சுதி குடுத்துச்சுன்னா, உள்ள இருக்கறது அதைத் தொரத்திக்கிட்டுப் போயி அதே சுதியில நிக்கும். மாட்டுப் பின்னாலயே கன்னு ஓடுதுங்களே, அந்த மாதிரி. கேக்கறவங்களுக்குக் கம்பிச் சத்தம் கேக்காது, கன்னோட சத்தந்தான் கேக்கும். ஒரே ஒரு கொறை, ஒரு நேரத்துக்கு ஒரு கம்பியைத்தான் மீட்டணும். ரெண்டைச் சேத்து அடிச்சா, எந்த மாட்டுப் பின்னால போறதுன்னு தெரியாம நடு ரோட்டுல நின்னு கத்தும்.

பொட்டிக்குத்தான் அலைஞ்சேன். தகரத்துல பண்ணினாத்தான் வெளியில இருக்கற இரைச்சல் உள்ள வராது. பிளாஸ்டிக் ஆகாது. அடுக்களையில தேடினா இது கெடைச்சுது. கலாமணி கல்யாணத்துக்குச் சீராக் கொண்டாந்தது. இங்க பாருங்க, பேரு வெட்டியிருக்குதா? 'கலாமணி.' கடையில வாங்கற பெடல்ல எல்லாம் கம்பெனி பேரு இருக்கும். இதுல எங்க வீட்டுக்காரி பேரு இருக்குது. ஓட்டை போட்டதுக்கப்புறந்தான் அவகிட்டச் சொன்னேன். அடுத்த நாள் பட்டறைக்குச் சோத்தைப் பிளாஸ்டிக் கவர்ல கட்டிக் குடுத்தா.

முதல் தடவை மிதிச்சப்ப வந்த சத்தம், தொண்டை கட்டின எருமைக்கன்னு மாதிரி இருந்துச்சு. பக்கத்து வீட்டம்மா வந்து, மிக்ஸி ரிப்பேருங்களா, எங்களுதும் ஒண்ணு இருக்குது, பாத்துக் குடுப்பீங்களான்னு கேட்டுட்டுப் போனாங்க. நான் அசரலை. ஒரு கெப்பாசிட்டரைப் புடுங்கிட்டு, அதுல கொஞ்சம் பெரிசாப் போட்டேன். அதைப் பெரிசாப் போட்டா கன்னு மெதுவா ஓடும். அப்ப ஒரு சுதியில இருந்து இன்னொரு சுதிக்குத் தாவாது, வழுக்கிக்கிட்டே ஏறும். மாத்திப் போட்டு ஒரு கம்பியை இழுத்தேன் பாருங்க. அடுக்களையில இருந்து கலாமணி எட்டிப் பாத்துக் கேட்டா, "ஏனுங்க, யாரு வீட்டுல நாயனம் வாசிக்கறாங்க?"

வாழ்க்கையில அவ எனக்குச் சொன்னதுலயே நல்ல வார்த்தை அதுதானுங்க.

அதுக்கப்புறம் அருள்தாஸ் ஊட்டுக்கு வர ஆரம்பிச்சான். எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டா, "அக்கா சொன்னாங்கண்ணா, ஏதோ பெடல் பண்றீங்களாமே"ன்னு சிரிக்கறான். வேவு பாக்க வந்திருக்கான். வந்தவன் சும்மாவும் வரலை, ஒரு கால் சுவிட்சு வாங்கியாந்தான். நல்ல கனமான இரும்புச் சுவிட்சு. "நீங்க போட்டிருக்கறது டார்ச் லைட்டு சுவிட்சு மாதிரி இருக்குண்ணா, மேடையில ஒரு மிதி மிதிச்சா நொறுங்கிரும்" அப்படின்னான். என் சாமானைக் கொறை சொல்றதுக்குக் கையில ஒரு சாமானோட வர்றான் பாருங்க. போட்டுக்கிட்டேன். சுவிட்சு நல்ல சுவிட்சுதான், நான் இல்லைன்னு சொல்லலை.

இன்னொரு நாள் வந்து, "அண்ணா, ஒவ்வொரு சுதியா வாசிங்க, பதிவு பண்ணிக்கறேன்"னு செல்லை நீட்டினான். எதுக்குடான்னேன். "சும்மாதாண்ணா, இந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு"ங்கறான். கீழ இருந்து மேல வரைக்கும் ஒவ்வொண்ணா வாசிக்க வெச்சு எடுத்துக்கிட்டான். நான் கலாமணிகிட்டச் சொன்னேன், என் சத்தத்தைத் திருடறாண்டின்னு. அவ அவனுக்குக் கச்சாயம் சுட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தா.

அப்புறம் உடுமலையில ஒரு கல்யாண வரவேற்பு வந்துச்சு. அக்கா ஒரு பழைய பாட்டை எடுத்தாங்க. ஆரம்பத்துலயே நாயனம் மாதிரி ஒரு இழுவை வரும், பாட்டுக்கு உசுரே அதுதான். "இந்தத் தடவை சென்னி வாசிக்கட்டும். அதுக்கப்புறம் வண்டி விஷயத்தைப் பேசிக்கலாம்"னாங்க. என்னைப் பாக்காம, மைக் ஒயரைச் சுத்திக்கிட்டே சொன்னாங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அன்னிக்குச் சரியா வாசிச்சா வண்டியில இருப்பேன். இல்லைன்னா எரிஞ்ச மோட்டாரோட எரிஞ்ச மோட்டாரா பட்டறையிலயே கெடக்க வேண்டியதுதான். சிரிக்காதீங்க. பகல் பூரா கிரீஸுல கெடக்கறவனுக்கு, பொழுதோட சட்டையை மாத்திட்டு மேடையில நிக்கறது ஒண்ணுதானுங்களே இருக்குது.

அதனால இன்னும் ஒரு வேலை பண்ணினேன். தெருவிளக்கு பொழுது எறங்கினா தானா எரியுதல்லங்க? அதுக்குள்ள வெளிச்சத்தைப் பாக்கற ஒரு கண்ணு வெச்சிருப்பாங்க. அந்தக் கண்ணுல ஒண்ணு வாங்கி, மூடியில ஓட்டை போட்டு வெச்சேன். காலை அதுக்கு மேல கொண்டு போனா நெழல் விழும், சத்தம் உள்ள அடங்கும். காலை எடுத்தா வாயைத் தெறந்து பாடும். ஊட்டுல டியூப் லைட்டுக்குக் கீழ வாசிச்சா அப்படியே ஆளு அழுகற மாதிரி இருந்துச்சு. அருள்தாஸ் பாத்துட்டு, "அண்ணா, ஊட்டுல சரி, கல்யாண மேடைக்கு இந்தக் கண்ணு வேண்டாம்"னான். பொறாமை.

மேடையில ஏறினோம். மாப்பிள்ளை பொண்ணு வந்து உக்காந்தாங்க. பொட்டியை மிதிச்சேன். அப்பத்தான் மண்டபத்துக்காரன் சீரியல் செட்டைப் போட்டான். செவப்பு, பச்சை, நீலம்னு மேடை பூரா அணைஞ்சு அணைஞ்சு எரியுது. பொட்டியில இருந்த கண்ணு அதையெல்லாம் பாத்துருச்சுங்க. நான் கம்பியில கையே வெக்கலை. அது தன்னால ஆரம்பிச்சுருச்சு. வ்வா, வ்வா, வ்வா, வ்வான்னு, லைட்டு எரிய எரியக் கத்துது, லைட்டு அணைய அணைய முனகுது. பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. மாப்பிள்ளையோட மாமா ஒருத்தரு, கொழந்தையை யாராச்சும் வெளிய தூக்கிட்டுப் போங்கன்னு சத்தம் போடறாரு. அக்கா மொகத்தைப் பாக்க எனக்குத் தைரியம் வரலை.

அருள்தாஸ் கீபோர்டை விட்டுட்டு ஒரே தாவா வந்தான். பாக்கெட்ல இருந்து கர்ச்சீப்பை எடுத்துப் பொட்டி மேல போட்டு மூடினான். என் சத்தத்தை எல்லாரும் பாக்க அமுக்கறான் பாருங்க. திரும்பிப் போகும்போது அவன் காலு ஒயர்ல பட்டுது, பொட்டி ஒரு குதி குதிச்சுது. பட்டுதா, பட வெச்சானான்னு எனக்கு இன்னும் சந்தேகந்தான். பொட்டி பூனை மாதிரி அடங்கிருச்சு. அக்கா அதுக்குள்ள தாளம் போட்டு ஆரம்பிச்சுட்டாங்க. வேற வழியில்லை, கண்ணை மூடிக்கிட்டு முதல் சுதியை இழுத்தேன்.

வந்துச்சுங்க. அப்படி ஒரு சத்தம். ஊட்டுல எத்தனை நாள் வாசிச்சிருக்கேன், அப்படி வந்ததே கெடையாது. வழுக்கிக்கிட்டு ஏறுது, மேல போயி நடுங்காம நிக்குது, எறங்கும்போது மனசைப் புடிச்சு இழுக்குது. ஒரு இடத்துல வேர்வையில விரலு வழுக்கித் தப்பான கட்டையில போயிருச்சு. சத்தம் மட்டும் சரியா வருது. நான் தப்பா வெச்சாலும் பொட்டியே திருத்திக்குது பாருங்க. அதுவுமில்லாம, ஒரு நேரத்துக்கு ஒரு சுதிதான் வரும்னு சொன்னேனுங்களே, அன்னிக்கு ரெண்டு சுதி சேந்து வந்துச்சு. அதுக்கு முன்னாடியும் வந்ததில்லை, அதுக்குப் பின்னாடியும் வரலை. மண்டபமே கை தட்டுது. மரகதக்கா பாடிக்கிட்டே திரும்பிப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க, அருள்தாஸைப் பாத்தாங்க, மறுபடியும் என்னைப் பாத்தாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. பொண்ணோட அப்பா வந்து, அந்த ஆரம்பத்தை மட்டும் இன்னொருக்கா வாசிங்கன்னு கேட்டாரு, மறுபடியும் வாசிச்சேன். அருள்தாஸுக்குச் சட்டை பூரா வேர்வை. எனக்கு வந்த கைதட்டலைப் பாத்து அவனுக்கு வேர்த்துருச்சு.

இதுல ஆச்சரியம் என்னன்னா, வண்டியில வெச்சுப் பொட்டியைத் தெறந்து பாத்தா, பேட்டரி ஒயரு கழண்டு தனியாத் தொங்குது. பாட்டு முடிஞ்சு கர்ச்சீப்பை எடுக்கும்போதே நான் கவனிச்சேன், பேட்டரி ஓடினா எரியற செவப்பு லைட்டு எரியலை. அப்ப பேட்டரி இல்லாமத்தான் பாடியிருக்குது. எப்படீன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். மோட்டாரை அணைச்சாலும் கொஞ்ச நேரம் சுத்துமுங்களே, அந்த மாதிரி கெப்பாசிட்டர்ல கரண்டு நின்னிருக்கும். பெரிசாப் போட்டது நல்லதாப் போச்சு.

என்னங்க சிரிக்கறீங்க? அவன் கை எங்க இருந்துச்சுங்களா? அதெப்படீங்க, எல்லாரும் இதையே கேக்கறீங்க. கலாமணியும் அன்னிக்கு இதையேதான் கேட்டா. "அருளு தம்பி கை எங்க இருந்துச்சு?" கீபோர்டு மேல இருந்துச்சுன்னேன். "சும்மாவா இருந்துச்சு?" நான் என் வாசிப்பைக் கவனிப்பனா, அவன் கையைக் கவனிச்சுக்கிட்டு நிப்பனா?

ம், பழனி வந்துருச்சு. சித்தெ காலை எடுத்துக்கங்க, அந்தம்மா எறங்கட்டும்.

அக்கா என்னை வண்டியில வெச்சுக்கிட்டாங்க. "சரி சென்னி, நீயும் வா, இடத்தை எப்படியாச்சும் பாத்துக்கலாம்"னாங்க. இடத்தை எப்படிப் பாத்துக்கிட்டாங்கன்னு கேளுங்க. அருள்தாஸ் சொல்லிட்டான், "அக்கா, நான் பைக்லயே வந்துடறேன், எனக்கு வேன்ல வந்தா வாந்தி வருது." கீபோர்டைப் பின்னாடி கட்டிக்கிட்டு வேனுக்குப் பின்னாலயே வருவான். வெயில்லயும் வருவான், மழையிலயும் வருவான். தனியா வந்து எறங்கினா தனியா மதிப்பு இருக்கும்னு நெனைச்சிருப்பான். வாந்தியாம். அவன் திண்டுக்கல் போறதெல்லாம் பஸ்லதான்.

போன மாசத்து மழையில, தாராபுரத்துப் பக்கம் ஒரு காதுகுத்து முடிச்சுட்டு வந்துக்கிட்டு இருந்தோம். சாயங்காலம், தூறல் போட்டுக்கிட்டு இருந்துச்சு. நாந்தான் டிரைவரை நிறுத்தச் சொன்னேன். பின்னாடி அருள்தாஸோட லைட்டைக் காணோம். நான் எதுக்கு அவன் லைட்டைப் பாத்துக்கிட்டு வந்தேன்னு கேக்காதீங்க. பின் சீட்டுல உக்காந்தா வேற என்னத்தைப் பாக்கறது.

வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போனோம். ஆட்டுக் கூட்டம் குறுக்க வந்திருக்குது, பிரேக் போட்டு வழுக்கிருச்சு. ரோட்டோரம் உக்காந்திருந்தான். இடது கை மணிக்கட்டு ஒரு பக்கமாத் திரும்பியிருந்துச்சு. கீபோர்டுக்கு ஒண்ணும் ஆகலை. அது கீழ உழுகாமப் புடிக்கறேன்னுதான் கையைக் குடுத்திருக்கான். என்னைப் பாத்ததும், "அண்ணா, கீபோர்டு நனையுது"ன்னான். மேடைச் சட்டை, சரிகை வெச்சது, கழட்டிக் கீபோர்டு மேல போட்டுட்டுத்தான் அவனைத் தூக்கினேன். அவன் சொன்ன வரிசையிலயே பண்ணினேன். தூக்கும்போது அழுதான். எனக்கும் கண்ணுல தூறல் உழுந்துக்கிட்டே இருந்துச்சு. சட்டை இல்லைங்களே, தொடைக்கறதுக்குத் துணி இல்லை.

ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டாங்க. அவங்கப்பா வந்து திண்டுக்கல்லுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

இப்பத்தாங்க விஷயத்துக்கு வர்றேன். அவன் பக்கத்துல இருந்த வரைக்கும் மேடைக்கு மேடை பாடின பொட்டி, அவன் போனதுக்கப்புறம் பாட மாட்டேங்குது. புது பேட்டரி போட்டுப் பாத்தேன். ஒயரையெல்லாம் மறுபடியும் பத்த வெச்சேன். சத்தம் வருது, இல்லைன்னு சொல்லலை. ஆனா மேடை ஏறினா பழைய எருமைக்கன்னுதான். உடுமலையில பாடின சத்தம் வரவே இல்லை. அடுத்த கல்யாணத்துல வாசிச்சேன், பாதியில அக்கா வந்து காதுல சொன்னாங்க, "சென்னி, பொட்டி போதும், சும்மா கிட்டாரே வாசிப்பா." மைக்கை அணைச்சுட்டுச் சொன்னாங்க. அதுதான் எனக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு.

நான் காயில் கட்டறவன். எனக்குத் தெரிஞ்சதை வெச்சு யோசிச்சேன். ஒரு காயில்ல கரண்டு ஓடிக்கிட்டு இருந்தா, பக்கத்துல இருக்கற காயில்லயும் தொடாமலே கரண்டு ஏறுமுங்க. டிரான்ஸ்பார்மரெல்லாம் அப்படித்தான். அந்த மாதிரி, பக்கத்துல அவன் கீபோர்டு ஓடிக்கிட்டு இருந்தாத்தான் இதுக்குத் தெம்பு வருது. அவ்வளவுதான்.

கலாமணிகிட்ட இதைச் சொன்னேன். அவ துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. "ஏனுங்க, உங்களுக்கு நெசமாவே புரியலையா, இல்லை புரியாத மாதிரி இருக்கீங்களா?"ன்னா. என்னடி புரியணும்னேன். "அன்னிக்கு வாசிச்சது அருளு தம்பி. உங்க சத்தத்தைச் செல்லுல புடிச்சுக்கிட்டுப் போயி, அதே மாதிரி கீபோர்டுல பண்ணி வெச்சிருந்திருக்குது. உங்க பொட்டி நின்னு போச்சுன்னா எடுத்துக் குடுக்கறதுக்கு." அப்படியிருந்தா அவன் சொல்லியிருக்க மாட்டானான்னு கேட்டேன். "சொன்னா அதுக்கப்புறம் நீங்க மேடை ஏறியிருப்பீங்களா?"ன்னா.

அவளுக்குக் கரண்டைப் பத்தி என்னங்க தெரியும். அடுத்த நாள் பட்டறையில ஒரு மோட்டாருக்குச் சுத்தைத் தலைகீழாக் கட்டிட்டேன், மறுபடியும் பிரிச்சுக் கட்டினேன். வேற ஒண்ணுமில்லை, அவ பேசினதுல கவனம் செதறிப் போச்சு.

போன வாரம் அருள்தாஸ் போன் பண்ணினான். கட்டுப் பிரிக்க இன்னும் நாளாகுமாம். பிரிச்சாலும் வெரலு பழையபடி ஓடறதுக்கு மாசக்கணக்காகும்னு டாக்டர் சொல்லிட்டாராம். "ஒத்தைக் கையில வாசிச்சுப் பாக்கறேண்ணா. வலது கை பாடுது, கீழ ஒண்ணுமில்லாம மொட்டையா இருக்கு. கீபோர்டை மூடி வெச்சுட்டேன்"னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். ஆனா அந்தச் சிரிப்பு நல்லாயில்லைங்க. எனக்குச் சத்தத்துல வித்தியாசம் தெரியும்.

அதுதான் நேத்து மாத்தினது. இன்னொரு ஐசி வாங்கியாந்து உள்ள வெச்சேன். வர்ற சுதியைப் பாதியாக்கிக் கீழ் ஸ்தாயியில குடுக்கும், அதையும் பாதியாக்கி இன்னும் கீழ குடுக்கும். கிட்டாருக்குப் பதிலா கீபோர்டு ஒயரை இதுல சொருகிட்டா, வலது கை மேல ஒரு சுதி வாசிக்க வாசிக்க, இடது கை வாசிக்க வேண்டியதை இது கீழ வாசிக்கும். வேணும்னா மிதிக்கலாம், வேண்டாம்னா மிதிச்சு நிறுத்திக்கலாம். கையே தேவையில்லை. அந்த வெளிச்சம் பாக்கற கண்ணைப் புடுங்கி எறிஞ்சுட்டேன். அந்த ஓட்டை இருக்குது பாருங்க, அதுக்கு மேல கலாமணிதான் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டி உட்டா. பேட்டரி ஒயரு இனிக் கழலாது, மெழுகு ஊத்தி வெச்சிருக்கேன்.

பாசமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. அவன் கீபோர்டு ஓடினாத்தான் இந்தப் பொட்டி பாடும், அதுக்காகத்தான். கிட்டாரை எதுக்குக் கொண்டு போறேன்னா, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வாசிச்சுப் பாக்கணும். அவனுக்கும் ஊட்டுலயே உக்காந்து உக்காந்து போரடிக்கும். நான் ரெண்டு நாளு பட்டறையைச் சாத்திட்டுத்தான் வந்திருக்கேன். மரகதக்காகிட்டயும் சொல்லிட்டேன், அவன் வந்தான்னா வண்டியில என் சீட்டுல உக்காரட்டும், பைக்கெல்லாம் வேண்டாம், நான் டிரம்ஸ் மேல உக்காந்துக்கறேன்னு. எனக்கு வாந்தி வராது.

திண்டுக்கல் வந்துருச்சுங்களா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியலை. இருங்க, போன் அடிக்குது.

"ம், சொல்லு. வந்துட்டேன். பஸ் உள்ள திரும்பிக்கிட்டு இருக்குது. என்னது, பஸ் ஸ்டாண்டுல நிக்கறயா? ஏண்டா, கட்டுப் போட்ட கையை வெச்சுக்கிட்டு உன்னை யாரு வரச் சொன்னது? எனக்கு வழி தெரியாதா? சரி சரி, நெழல்ல நில்லு. சாப்பிட்டயா? ... பொறு, வர்றேன்."

பாத்தீங்களா. பொட்டியில என்ன மாத்தியிருக்கேன்னு முதல்ல பாக்கணும், அதுக்குத்தான் இந்த அவசரம். கெட்டிக்காரன். அதோ, அந்தப் பழக்கடைக்குப் பக்கத்துல நிக்கறான், தெரியுதுங்களா? எளைச்சுப் போயிட்டான். ஆட்டக்கூடாதுன்னு டாக்டர் சொன்ன கையையே தூக்கி ஆட்டறான் பாருங்க, கிறுக்கன்.

மேல இருக்கற கிட்டாரைச் சித்தெ எடுத்துக் குடுங்க. பஸ் முழுசா நிக்கட்டுமுங்களா? இல்லைங்க, நான் முன்னாடியே போயி படிக்கட்டுல நிக்கறேன். இல்லைன்னா அவன் கூட்டத்துக்குள்ள பூந்து வந்து சாமானைத் தூக்க ஆரம்பிச்சுருவான்.